அடித்தந்திக்கு விடுமுறை

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரரை அமெரிக்காவுக்கு அனுப்பறாங்க ஐயா," என்றாள் வால்புர்கா ஹுட்செல். "இப்ப மணி ஒன்பது."

நீதிமன்ற அதிகாரி கிலியான் மோர்ஷ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பதற்றப்படுவது அவருக்குப் பழக்கமில்லை. அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்காகவே வெண்டலின் என்றொரு குமாஸ்தா இருந்தான். அவன் கதவருகே நின்று ஏற்கெனவே அந்த வேலையைத் தொடங்கியிருந்தான்.

கிரேன்ஸ்பாக் சிற்றரசில் விளைந்த பொருள்கள் மூன்று: முட்டைக்கோஸ், சங்கீதம், சிப்பாய்கள். முதலாவதை ஜனங்கள் தின்றார்கள். இரண்டாவதை இளவரசர் கேட்டார். மூன்றாவதை இங்கிலாந்து அரசருக்கு வாடகைக்கு விட்டார். 1777-ஆம் வருஷம் அந்த வாடகைப் பட்டாளத்தின் மூன்றாம் அணி மைன் நதியில் படகேறி, கடல் தாண்டி, யாரோ யாருடனோ போட்டுக்கொண்ட சண்டையில் சாகக் காத்திருந்தது. பட்டாளத்தின் முன்னால், நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்த ஓபோவை ஊதிக்கொண்டு போக ஓர் ஆள் குறைந்தான்.

"உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு," என்றார் மோர்ஷ்.

வால்புர்கா உட்காரவில்லை. மடியில் வைக்க வேண்டிய துணிப்பொட்டலத்தைக் கையிலேயே பிடித்திருந்தாள். கறுப்பு ரொட்டி வாசனை வந்தது.

"என் வீட்டுக்காரர் ஃப்ளோரியன் அரண்மனைக் குழுவுல ஓபோ வாசிக்கறவரு. போன குளிர்காலத்துல ஓபோவுக்குன்னு ஒரு கான்செர்ட்டோ எழுதினாரு. ஜனவரியில அதைப் புல்லாங்குழல்காரர் டிரீப்னர் ஐயாகிட்ட அபிப்பிராயம் கேட்டுக் கொடுத்தாரு. மூணு வாரம் வச்சிருந்துட்டு, 'பரவாயில்ல, நடுப்பாகம் தூக்கம் வருது'ன்னு திருப்பிக் கொடுத்தாரு டிரீப்னர். இன்னிக்கு இளவரசர் பிறந்தநாள். அதுக்கு டிரீப்னர் ஐயா ஒரு புது கான்செர்ட்டோ எழுதியிருக்காருன்னு ஊரே பேசுச்சு. முந்தாநேத்து ஒத்திகையில அதை எடுத்தாங்க."

"அது இதுதானா?"

"நாலு கட்டம் போறதுக்குள்ள இவரு எழுந்து நின்னு 'இது என்னோடது'ன்னு கத்திட்டாரு. டிரீப்னர் ஐயா கத்தவே இல்ல. 'என் அலமாரியைத் திறந்து காப்பியடிச்சிருக்கான், பெட்டியைச் சோதிங்க'ன்னாரு. சோதிச்சாங்க. தாள் கிடைச்சுது. அவரோட தாள்தானே ஐயா, பெட்டியில இல்லாம வேற எங்க இருக்கும்?"

தனி வாத்தியம் ஒன்று முன்னால் நிற்க, முழு வாத்தியக் குழு பின்னால் இருந்து அதனோடு பேச்சுக்குப் பேச்சு கொடுக்கும் மூன்று பாக உருப்படிதான் கான்செர்ட்டோ. கிரேன்ஸ்பாக்கில் இதைப் பால்காரனும் அறிவான். மோர்ஷ் மட்டும் அறியார். அவருக்குச் சங்கீத ஞானம் துளிகூடக் கிடையாது. தேவாலயத்தில் மற்றவர்கள் உட்காரும்போதுதான் பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்.

"ரெண்டு தாளையும் பார்த்தேன் ஐயா," என்று வெண்டலின் முன்னால் வந்தான். "டிரீப்னர் தாள்ல பிப்ரவரி மூணுன்னு தேதி இருக்கு. அடிச்சு அடிச்சுத் திருத்தியிருக்காரு. யோசிச்சு எழுதினது பார்த்தாலே தெரியுது. இவங்க வீட்டுத் தாள்ல தேதி இல்ல. ஒரு திருத்தம் இல்ல. எழுதின மாதிரியே இல்ல, பார்த்து எழுதின மாதிரி இருக்கு." பிறகு வால்புர்காவைப் பார்த்து, "மன்னிக்கணும்மா," என்றான்.

"பார்த்து எழுதினதுதான்," என்றாள் அவள். "எழுதினது நான். அவரு கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"அந்தக் கோழி கிளறின தாள் எங்க?" என்றார் மோர்ஷ்.

அவள் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள். "மார்ச்சுல விறகு தீர்ந்துபோச்சு ஐயா. நான்தான் அடுப்புல போட்டேன். முழுசா. ஒரு சூப்பு வச்சேன்."

வெண்டலின் கூரையைப் பார்த்தான். மனைவியின் சாட்சிக்கு அந்த நீதிமன்றத்தில் இருந்த மதிப்பு, நவம்பர் சந்தையில் முட்டைக்கோசுக்கு இருந்ததைவிடக் குறைவு. அதிலும், இருந்த ஒரே சாட்சியத்தைச் சூப்பாக்கிய மனைவி.

"திருடன்னு எழுதிட்டாங்க ஐயா. தண்டனை பட்டாளம். போனவங்கள்ல யாரும் இதுவரைக்கும் திரும்பல."

மோர்ஷ் தொப்பியை எடுத்தார். "ஒத்திகை எப்ப, வெண்டலின்?"

"பத்து மணிக்கு. நானே போகணும்."

ஏனென்றால் வெண்டலின் காலையில் மோர்ஷின் குமாஸ்தா, மதியம் இளவரசர் மேஜையில் சூப்பு பரிமாறும் பணியாள், மாலையில் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலி. சம்பளம் ஒன்றுதான். நாற்பத்திரண்டு வயதில் மூன்று சீருடைகளும் அவனுக்கு இடுப்பில் இறுகின. இடது கை ஆள்காட்டி விரலில் அன்று ஒரு துணி சுற்றியிருந்தான்.

"விரல்ல என்ன?"

"கொப்புளம் ஐயா. வயலின்."

"இருபது வருஷமா வாசிக்கற. இப்பவா கொப்புளம்?"

"அதான் எனக்கும் தெரியல," என்றான் வெண்டலின். வாசலில் பட்டாளத்து முரசு ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டது.

அரண்மனையின் சங்கீதக் கூடத்தில் மோர்ஷ் ஒரு முக்காலியை இழுத்து, புல்லாங்குழல்காரருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

அன்செல்ம் டிரீப்னர் அழகான மனிதர். அது அவருக்குத் தெரியும். பொய்முடிக்கு லாவெண்டர் மணக்கும் மாவு போட்டிருந்தார். கறுப்பு மரக்குழலை ஒரு பட்டுத் துணியால் துடைத்தபடியே சொன்னார்: "சங்கீத வழக்கை விசாரிக்க உங்களை அனுப்பியிருக்காங்களா? கண்ணு தெரியாதவரை ஓவியம் வாங்க அனுப்பின மாதிரி இருக்கே."

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்," என்றார் மோர்ஷ். "ஒரு வசதி இருக்கு பாருங்க. நீங்க எவ்வளவு நல்லா வாசிச்சாலும் நான் மயங்க மாட்டேன்."

வாசித்தார்கள். முதல் பாகம் முழுக்க மோர்ஷ் டிரீப்னரின் விரல்களைப் பார்த்தார். நடுப்பாகத்தில் தோள்களைப் பார்த்தார். அந்தப் பாகத்தின் மத்தியில் தனிக்குழல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி வைக்க, கீழே வயலின்கள் மட்டும் மெல்ல நகர்ந்தன. தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள் ஆறு. டிரீப்னரின் முகம் இரண்டாம் கட்டத்தில் வெளுப்பாக இருந்தது, மூன்றாவதில் ரோஜா, நான்காவதில் பீட்ரூட். நான்காவதன் முடிவில் தோள் சட்டென்று ஏறி இறங்கியது. ஒரு மூச்சு. பிறகு மிச்ச இரண்டு கட்டம்.

வெண்டலின் கடைசி நாற்காலியில் உதட்டைக் கடித்தபடி வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். ஒத்திகை முடிந்ததும் ஓடி வந்தான். "கேட்டீங்களா ஐயா?"

"பார்த்தேன். நடுவுல மூச்சு வாங்கினாரு."

"முந்தாநேத்தும் அதே இடத்துலதான் வாங்கினாரு. சளியாம்." துணியைப் பிரித்து விரலை ஊதிக்கொண்டான். "எனக்கு இந்த விரல்தான் கவலை. பிறந்தநாளுக்குன்னு வயலினுக்குப் புது அடித்தந்தி மாட்டினேன். வெள்ளிக்கம்பி சுத்தினது. விரல் வைக்காம விட்டா, மாட்டுத் தொழுவத்துல பசு கூப்பிடற மாதிரி அப்படி ஒரு சுரம் வரும். ஒரு தடவைகூட விட முடியல. எப்பவும் விரலை அழுத்தியே வாசிக்க வேண்டியிருக்கு. அந்தச் சுரத்துக்கு மூணு நாளா விடுமுறை. பக்கத்துல உக்கார்றவனும் இதையேதான் புலம்பறான்."

"ம்," என்றார் மோர்ஷ். அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று பதினோரு வருஷமாக வெண்டலினுக்குப் புரிந்ததில்லை.

காவல் கொட்டடியில் ஃப்ளோரியன் ஹுட்செல் பட்டாளத்து நீலக் கோட்டில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான, காது நீண்ட மனிதன். யாருக்கோ தைத்த கோட்டு. கைகள் விரல் நுனிவரை உள்ளே மறைந்திருந்தன. வால்புர்கா பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியையும் பன்றிக் கொழுப்புத் துண்டையும் கோட்டின் உள்பைக்குள் வைத்து, வாயை ஊசிநூலால் தைத்துக்கொண்டிருந்தாள். படகில் திருட்டு அதிகம்.

"ஒரு கேள்வி," என்றார் மோர்ஷ். "நடுப்பாகத்துல ஒரு சுரத்தை ஆறு கட்டம் நிறுத்தறதா எழுதியிருக்க. மனுஷன் மூச்சு அவ்வளவு வருமா?"

ஃப்ளோரியன் சட்டைப் பையிலிருந்து ஓபோவின் சீவாளியை எடுத்துக் காட்டினான். இரண்டு நாணல் சீவல்களை ஒட்டிக் கட்டியது. நடுவே நகத்தளவு கீறல். "காத்து போற வழி இவ்வளவுதான் ஐயா. மூச்சு தீரவே தீராது. உள்ள தேங்கிப்போன காத்தை எங்க விடறதுன்னுதான் எங்களுக்குத் திண்டாட்டம். ஆறு என்ன, எட்டு வரைக்கும் போவேன்." சீவாளியைப் பத்திரமாகத் திரும்ப வைத்தான். "குழல் அப்படி இல்ல. பாதி மூச்சு குழலுக்கு வெளியதான் போகும்."

"இதை நீ ஏன் முந்தாநேத்தே சொல்லல?"

"சொன்னேனே. கத்திச் சொன்னேன். கத்தறவன் சொல்றதை யாரு கேக்கறா?"

வெளியே மறுபடி முரசு. மணி பன்னிரண்டு.

மோர்ஷ் இரண்டு பிரதிகளையும் வீட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். படிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய இரண்டு கடிதங்களை ஒப்பிடுவது போல, கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி விரலை ஓட்டினார். வெண்டலின் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சூப்பு பரிமாறப் போனான். பரிமாறிவிட்டு அரண்மனை வாசத்துடன் திரும்பி ஓடி வந்தான். மோர்ஷ் அதே இடத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு காகிதத்தில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு வரிசையில் முப்பத்தெட்டு. இன்னொன்றில் மூன்று.

"மணி ரெண்டு ஐயா."

"இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், வெண்டலின்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"டிரீப்னரோடது ரெண்டு கட்டை சுருதி. ஹுட்செலோடது ஒரு கட்டை. மத்தபடி ஒண்ணேதான். புல்லாங்குழல்ல எல்லா ஓட்டையையும் மூடினா ரெண்டு கட்டைதான் அடிச்சுரம். அதுக்குக் கீழ குழல்ல மரம்தான் இருக்கு. ஓபோ ஒரு கட்டை வரைக்கும் இறங்கும். அதனால ஓபோவுக்கு இறக்கிக்கிட்டான்னு டிரீப்னர் சொல்றாரு."

"இல்லன்னா, குழலுக்கு ஏத்திக்கிட்டாரு."

"ரெண்டுல எது வேணா இருக்கலாமே ஐயா. மாடிப்படியைப் பார்த்து, ஏறினானா இறங்கினானான்னு எப்படிச் சொல்றது?"

"படியில கால்தடம் இருந்தா சொல்லலாம்," என்று எழுந்தார் மோர்ஷ். "டிரீப்னர் முன்னாடி எழுதின ஏதாவது ஒரு கான்செர்ட்டோ அரண்மனை அலமாரியில இருக்கும். எடுத்துட்டு வா. மூணு மணிக்கு இளவரசரைப் பார்க்கணும். பட்டாளத்துக் கர்னலும் இருக்கட்டும், டிரீப்னரும் இருக்கட்டும். வயலின்காரங்க எட்டுப் பேரும் வரணும்."

"எட்டுப் பேருமா? எதுக்கு?"

"இடது கையோட வரச் சொல்லு."

இளவரசர் பொய்முடிக்கு மாவு போட்டுக்கொண்டிருந்தார். பிறந்தநாளன்று அவரைத் தொந்தரவு செய்த கடைசி மனிதர் இப்போது நியூயார்க்கில் இருந்தார். வெண்டலினுக்கு அது நினைவிருந்தது. சுவரை ஒட்டி நின்றான். காவலர்கள் ஃப்ளோரியனை நீலக் கோட்டுடன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வால்புர்காவைக் கதவுக்கு இந்தப் பக்கம் விடவில்லை, அந்தப் பக்கமும் தள்ளவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். மேஜைக் கடிகாரம் மூன்று அடித்தது.

"சீக்கிரம் சொல்லும் மோர்ஷ்," என்றார் இளவரசர். "தப்பா இருந்தா நீரும் படகுல ஏறலாம். கர்னலுக்கு ஒரு குமாஸ்தாவும் வேணுமாம்."

கர்னல் தலையசைத்தார். உண்மையிலேயே வேண்டியிருந்தது.

"சொல்லிடறேன் பிரபு. டிரீப்னர் ஐயாவோட தாள்ல திருத்தம் இருக்கு, அதனால அதுதான் மூலம்னு எல்லாரும் நினைச்சாங்க. திருத்தத்தை எண்ணினாங்க, எந்தப் பக்கம் திருத்தினாருன்னு பார்க்கல. மனசு மாறித் திருத்தறவன் மேலயும் போவான், கீழயும் போவான், எங்கயாவது தாண்டியும் குதிப்பான். இதுல நாப்பத்தொரு திருத்தம். முப்பத்தெட்டு இடத்துல கோடு போட்டு அடிச்ச சுரம் எதுவோ, அதுக்குச் சரியா ஒரு படி மேலதான் புதுசா எழுதியிருக்கு. அடிச்ச சுரம் ஃப்ளோரியன் தாள்ல அதே இடத்துல அப்படியே இருக்கு. முன்னாடி இருக்கற தாளைப் பார்த்து ஒரு கட்டை ஏத்தி எழுதறவன், அசந்தா, பார்த்ததை அப்படியே எழுதிடுவான். அப்புறம் அடிச்சுட்டு ஒரு படி ஏத்துவான்."

டிரீப்னர் புன்னகைத்தார். "பிரபு, என் கற்பனை எப்பவும் உயரத்தான் போகும். இது குத்தமா?"

இளவரசருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சிரித்தார். இளவரசர் சிரித்ததால் கர்னலும் சிரித்தார். வால்புர்கா வாசற்படியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது," என்றார் மோர்ஷ், குரல் மாறாமல். "நடுப்பாகத்துல ஆறு கட்டம் நிக்கற சுரம். ஐயா நாலாவதுல மூச்சு வாங்கறாரு. தனக்குன்னு சட்டை தைச்சுக்கற தையல்காரன், தன் கைக்கு எட்டாத நீளத்துல வெட்டுவானா?"

"சளி பிரபு," என்றார் டிரீப்னர், இருமி. "மூணு நாளா. மோர்ஷ் ஐயாவுக்குக் காது கேக்காதது மாதிரி எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

மறுபடி சிரிப்பு. இளவரசர் மாவுத் துணியை உதறினார். "முடிஞ்சுதா மோர்ஷ்?"

கடிகாரம் மூன்றேகால். கர்னல் தன் பட்டியலில் 'குமாஸ்தா' என்ற இடத்துக்கு நேரே விரலை வைப்பதை வெண்டலின் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. வயலின்காரங்க வரிசையா வந்து பிரபுகிட்ட இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டணும்."

எட்டுப் பேர் வந்தார்கள். எட்டு விரல்கள். மூன்றில் துணி, இரண்டில் மெழுகு, மற்றவற்றில் சிவப்பு. முதல் வயலின்காரர் கௌரவம் பார்த்துக் கையுறை போட்டிருந்தார். கழற்றச் சொன்னதும் அவர் விரல்தான் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது.

"என்னய்யா இது? எல்லாரும் அடுப்புல கை வச்சீங்களா?"

"வெண்டலின், நீ சொல்லு," என்றார் மோர்ஷ். "காலையில எங்கிட்ட புலம்பினதை அப்படியே பிரபுகிட்ட புலம்பு."

வெண்டலின் இளவரசரிடம் இதுவரை "சூப்பு சூடா இருக்கு பிரபு" என்பதற்கு மேல் பேசியதில்லை. "அடித்தந்தி பிரபு. விரல் வைக்காம விட்டா வர்ற சுரம்தான் வயலின்லயே கீழ்ச்சுரம். அது எங்களுக்கு ஓய்வு மாதிரி. எந்த உருப்படியிலயும் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடவை வரும். விரலை எடுத்துக்குவோம். இதுல மூணு பாகத்துலயும் ஒரு தடவைகூட வரல. அதுக்கு அடுத்த மேல் சுரம் வருது, விரலை வச்சு. அடிக்கடி வருது. அதனாலதான்..." பேசிக்கொண்டே வந்தவன் நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு 'ம்'முக்கு அர்த்தம் புரிந்தது.

"எத்தனை தடவை வருதுன்னு நான் எண்ணினேன்," என்றார் மோர்ஷ். "அறுபத்திரண்டு. ஃப்ளோரியன் தாளை எடுத்தா, அதே அறுபத்திரண்டு இடத்துலயும் விரல் வைக்காத அடிச்சுரம் இருக்கு. ஒரு கட்டையில எழுதினவன் வயலினோட அடிமட்டம் வரைக்கும் தாராளமா இறங்கியிருக்கான். அதுக்குக் கீழ போக வழியில்ல, போகல. அதை மொத்தமா ஒரு கட்டை ஏத்தினா என்ன ஆகும்? வீட்டைத் தூக்கி ஒரு படி மேல வச்ச மாதிரி. கீழ ஒரு படி காலியா நிக்கும். புல்லாங்குழலுக்காகத் தூக்கினவரு, வயலினுக்கு அந்தப் படி இன்னும் இருக்குங்கறதை மறந்துட்டாரு."

"என் ரசனை அது," என்றார் டிரீப்னர். இந்தத் தடவை இருமவில்லை. "அந்தத் தந்தி சத்தம் எனக்குப் பிடிக்காது. மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கும்."

மோர்ஷ் கையை நீட்டினார். வெண்டலின் அலமாரியிலிருந்து எடுத்து வந்த பழைய தாள் கட்டை வைத்தான். அட்டையில் டிரீப்னரின் பெயர், மூன்று வருஷத்துக்கு முந்தைய பிறந்தநாள் தேதி, அதே இரண்டு கட்டை சுருதி.

"இது நிச்சயமா உங்களோடதுதானே?"

டிரீப்னர் அட்டையைப் பார்த்தார். சொல்ல இரண்டு பதில்கள்தான் இருந்தன. இரண்டும் அவருக்கு உதவாது.

இளவரசருக்கு அதிர்ஷ்டவசமாகச் சங்கீதம் தெரியும். முதல் பக்கத்தை விரித்தார். வயலின் வரியில் விரலை ஓட்டினார். "ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு." பக்கத்தைத் திருப்பினார். "நாலு. இங்க தொழுவம் முழுக்க மாடா இருக்கே, டிரீப்னர்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் பிரபு," என்றார் மோர்ஷ். "டிரீப்னர் ஐயா வழக்கம்போல எழுதியிருந்து, அதை ஃப்ளோரியன் ஒரு கட்டை இறக்கியிருந்தா, வயலின்லயே இல்லாத சுரத்துக்குத்தான் போய் இடிச்சிருப்பான். ஒவ்வொரு இடத்துலயும் மாத்த வேண்டி வந்திருக்கும். ஒண்ணுகூட மாத்தல. எல்லாம் அளவெடுத்த மாதிரி உக்காருது. ஏன்னா அளவெடுத்தது அங்கதான்."

டிரீப்னர் பட்டுத் துணியை மடித்தார். நான்காக மடித்து, எட்டாக மடித்தார். "மூணு வருஷமா எனக்கு ஒரு வரி வரல பிரபு," என்றார், யாரையும் பார்க்காமல். "நீங்க ஒவ்வொரு பிறந்தநாளும் கேக்கறீங்க."

இளவரசர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். நியாயம் வழங்கும்போது எப்படி இருக்கிறோம் என்று பார்ப்பது அவர் வழக்கம். "ஹுட்செலை விடுங்க. கர்னல், உமக்கு ஒரு ஊதறவனைத் தர்றதா வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறினது இல்ல. புல்லாங்குழல்காரன் பட்டாளத்துக்கு உதவுவானா?"

"முரசோட ஊத சின்னக் குழல் இருக்கு பிரபு. ஆறு ஓட்டைதான். பழகிக்கலாம்."

"பிரபு," என்று மோர்ஷ் ஓர் அடி முன்னால் வைத்தார். "வேலையை விட்டு நீக்கினாலே போதும். யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்கத்தான் வந்தேன். யாரு போறதுன்னு இல்ல."

"உமக்குச் சங்கீதம் தெரியாது மோர்ஷ்," என்றார் இளவரசர் அன்பாக. வழக்கு முடிந்தது.

ஃப்ளோரியன் நீலக் கோட்டைக் கழற்றினான். டிரீப்னருக்கு அது தைத்து எடுத்தது போலப் பொருந்தியது. உள்பையில் தைத்த முடிச்சைப் பிரிக்க ஃப்ளோரியன் கையை நீட்டினான். வாசற்படியிலிருந்து வால்புர்கா தலையசைத்தாள். வேண்டாம். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஐந்து மணிக் கச்சேரிக்கு ஒரு சிக்கல் இருந்தது. குழுவின் தாள்கள் எல்லாம் இரண்டு கட்டையில். ஃப்ளோரியனின் ஓபோ ஒரு கட்டையில். மறுபடி எழுத நேரமில்லை. வயலின்காரர்கள் எல்லாத் தந்திகளையும் ஒரு கட்டை தளர்த்தினார்கள். கொம்பு வாத்தியக்காரர்கள் சுருதி இறங்குவதற்காக நீளமான குழாய் வளையம் மாட்டினார்கள். தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் தானாக இறங்கி ஒலிக்கும்.

"அப்படின்னா இன்னிக்கும் அந்தத் தந்தியை விட முடியாது," என்றான் வெண்டலின், விரலில் புதுத் துணி சுற்றியபடி. "நியாயம் ஜெயிச்சாலும் கொப்புளம் கொப்புளம்தான் ஐயா."

கச்சேரி தொடங்கியது. மோர்ஷ் பின்வரிசையில் வால்புர்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மே மாதம். ஜன்னல்கள் திறந்திருந்தன. நடுப்பாகத்தின் மத்தியில் ஓபோ அந்த ஒற்றைச் சுரத்தைத் தொட்டபோது, கீழே தெருவில் பட்டாளம் நதிக்குப் போய்க்கொண்டிருந்தது. முரசு. அதற்கு மேலே பழக்கமில்லாத கையில் ஒரு சின்னக் குழல், தாளம் தப்பி.

மோர்ஷ் ஓபோவைக் கேட்கவில்லை. அவரால் முடியாது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவள் மூச்சை நிறுத்தியிருந்தாள். அவர் வில்களின் அசைவை வைத்துக் கட்டங்களை எண்ணினார். நாலு. அஞ்சு. ஆறு. ஃப்ளோரியன் நிறுத்தவில்லை. முதல் வயலின்காரர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். எட்டு வில்களும் கடைசிக் கட்டத்தையே திரும்ப வாசித்தன. ஏழு. எட்டு. முரசு பாலத்தைத் தாண்டியது. பிறகுதான் ஓபோ இறங்கியது.

கைதட்டல் ஓய்ந்ததும் வெண்டலின் வியர்வையோடு வந்தான்.

"தாள்ல ஆறுதானே?" என்றார் மோர்ஷ்.

"ஆறுதான் ஐயா. மிச்சம் ரெண்டு தாள்ல இல்ல."

வால்புர்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நதிப் பக்கம் இப்போது சத்தமே இல்லை.

"அந்தக் கோட்டுல ரெண்டு நாளைக்குத்தான் ரொட்டி வச்சேன்," என்றாள். "இன்னொண்ணு வச்சிருக்கலாம்."